காலிஃபிளவர் சோறு

வேலையா புனேவுக்கு வந்தவனுக்கு பாணேர்ல ரூம் போட்டுக் குடுத்தாங்க, சரி. அதுக்குன்னு வாசல்லயே ‘சுத்த சைவம்’னு பச்சை எழுத்துல எழுதி வெச்சிருக்கற ஹோட்டலாப் பாத்தா போடுவாங்க? ஒவ்வொரு தடவையும் முட்டையை உள்ள கொண்டு போறதுக்குள்ள எனக்கு வேர்த்து ஊத்திரும். லேப்டாப் பைக்குள்ள, துண்டுல சுத்தி, பன்னண்டு முட்டை. லிஃப்ட்ல எவனாவது முதுகுல இடிச்சுட்டா அன்னிக்கு லேப்டாப்பும் போச்சு, ராத்திரிச் சாப்பாடும் போச்சு.

என் பேரு கோகுல்நாத். கோயமுத்தூர். கம்ப்ரஸர் செய்யற கம்பெனில சர்வீஸ் இன்ஜினியர். சாகண்ல ஒரு தொழிற்சாலைல எங்க மெஷினைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கணும். அஞ்சு வாரம். “சார், இப்ப என்னைத் தாட்டி விடாதீங்க, வேற யாரையாவது அனுப்புங்க”ன்னு எங்க மேனேஜர் முரளிகிட்ட நின்னு கெஞ்சினேன். காரணத்தையும் சொன்னேன். அந்த மனுசன் கம்ப்யூட்டர்ல இருந்து கண்ணை எடுக்காம, “டயட்தானே கோகுல், அங்க போயும் இருக்கலாமே. ஹோட்டல்ல எல்லாம் கெடைக்கும்”ன்னாரு. டயட்தானே! அந்த ‘தானே’வுக்கே ஒரு அறை விட்டிருக்கணும். விடலை. டிக்கெட்டை வாங்கிட்டு வந்துட்டேன்.

நான் அழகுக்கு உடம்பைக் கொறைக்கலை. எங்க அக்கா மல்லிகாவுக்கு ஈரல் சுருங்கிப் போச்சு. வாழ்க்கைல ஒரு சொட்டு கெட்டது தொடாத பொம்பளை. அவ உடம்பே அவ ஈரலைத் திங்குதுன்னு டாக்டர் சொன்னாரு. மாத்தணும், மூணு மாசத்துக்கு மேல தள்ளக் கூடாது. மாமாவுக்குச் சக்கரை வியாதி, ஆகாது. மகனுக்குப் பதினேழு வயசு, எடுக்க மாட்டாங்க. ரத்தம் பொருந்தி, வயசும் பொருந்தி மிச்சம் நின்னது நான் ஒருத்தன். என்ற ஈரல்ல பாதியை வெட்டி அவளுக்கு வெக்கணும். நல்லாத்தான் இருந்துது எல்லாம், ஸ்கேன் எடுக்கற வரைக்கும். “உங்க ஈரல்ல பதினெட்டு பர்சன்ட் கொழுப்பு இருக்குங்க. பத்துக்குக் கீழ வரணும். இல்லைன்னா உங்களை மேஜைல படுக்க வெக்கவே மாட்டோம்”னு சொல்லிட்டாரு. ஆறு வாரம் டைம். அரிசி, கோதுமை, கெழங்கு, சக்கரை ஒண்ணும் தொடக் கூடாது. எண்பத்தி நாலு கிலோ எழுபத்தெட்டு ஆகணும். பதினாறாம் தேதி மறுபடியும் ஸ்கேன். அதுல தேறினா அக்காவுக்கு ஈரல். தேறலைன்னா இல்லை.

இந்த லட்சணத்துலதான் நான் புனேவுல எறங்கினேன். காத்தால ஹோட்டல் டிபன் மேஜைக்குப் போய் ஒவ்வொரு மூடியாத் தூக்கிப் பாப்பேன். அவல், ரவை, உருளைக்கெழங்கு வடை, ரொட்டி, பக்கத்துல ஜிலேபி. ஒரு நாள் எல்லாரும் உபவாசம்னாங்க, ஆகா, நம்ம ஜாதிடான்னு ஆசையாப் போனா, ஜவ்வரிசியும் உருளைக்கெழங்கும் நெய்யில பொரட்டி மலையாட்டம் குவிச்சு வெச்சிருக்காங்க. அதுக்குப் பேரு உபவாசமாம்! நான் உபவாசம் இல்லாம நாலு வெள்ளரித் துண்டைத் தின்னுட்டு பஸ் ஏறினேன். தொழிற்சாலை கேன்டீன்ல அதுக்கு மேல. சப்பாத்தி வேண்டாம்னா சோறு வெக்கறான், சோறு வேண்டாம்னா “தோடா சா, சார், தோடா சா”ன்னு தட்டைப் புடிச்சு இழுக்கறான். அந்தக் கொஞ்சூண்டுலதான்டா எங்கக்கா உசுரு இருக்குதுன்னு எந்த பாஷைல சொல்றது?

அதனால ரூம்லயே சமையல். சமையல்னா என்ன, கெட்டில்தான். ஹோட்டல் கெட்டில்ல முட்டையை வேக வெச்சா அடுத்து வர்றவன் அதுல டீ போடுவான், பாவம்னு, கேம்ப் கடைத்தெருவுக்குப் போய் சொந்தமா ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். முட்டை முங்கற அளவு தண்ணி ஊத்தி, கொதிச்சு அதுவா அணைஞ்சதும் மறுபடி அமுக்கி, மூணு தடவை. அப்பறம் பன்னண்டு நிமிசம் மூடியைத் தொறக்காம வுட்டுடணும். சாயங்காலம் நாலு முட்டை, ஒரு கட்டி பன்னீர், வெள்ளரிக்கா, தயிர். முட்டை ஓடு பூராவும் பேப்பர்ல பொட்டலம் கட்டி, காத்தால தெருமொனைக் குப்பைத் தொட்டில போடுவேன். ரூம் கதவுல ‘தொந்தரவு செய்யாதீர்’ அட்டை எப்பவும் தொங்கும். ரூம் பையன்க நான் உள்ள என்ன பண்றேன்னு நெனச்சாங்களோ தெரியாது. நான் கட்டில் மேல சம்மணம் போட்டு உக்காந்து முட்டை உரிச்சுட்டிருந்தேன்.

ஆனா பலிச்சுது. கீழ ஜிம்முல ஒரு எடை மெஷின் இருந்துது. பன்னண்டு நாள்ல எண்பத்தி நாலு, எண்பதரைக்கு வந்துருச்சு. அன்னிக்குப் பொழுதோட, சாயங்காலம் அக்கா கூப்பிட்டப்ப சொன்னேன், “அக்கா, மூணரை கிலோ!” அவ, “அய்யோ சாமி, முட்டையை மட்டும் தின்னுட்டு எப்படி வேலை செய்வே? நான் ராஜிகிட்டச் சொல்றேன்”னா.

ராஜஸ்ரீ எங்க சின்னம்மா பொண்ணு. சித்தப்பா இங்க புனேவுலயே கட்கில வெடிமருந்து ஃபேக்டரில வேலைக்கு வந்தவரு, இவ பொறந்தது வளந்தது எல்லாம் கட்கி. ஸ்கூல் டீச்சர். தமிழ் பேசுவா, நடுநடுவுல மராத்தியும் இந்தியும் வந்து விழும். அவ வீட்டுக்காரர் சபரிக்கு ஆபீஸ் பாணேர்லதான். “அண்ணா, டென்ஷனே வேண்டாம். அரிசி இல்லாம, ஆட்டா இல்லாம டெய்லி நான் டப்பா அனுப்பறேன். வீடியோ பாத்து எல்லாம் கத்துக்கிட்டேன்”னா. மறுநாள்ல இருந்து ராத்திரி டூட்டிக்கு வர்ற சபரி, ரிசப்ஷன்ல மூணடுக்கு டப்பாவை வெச்சுட்டுப் போவாரு.

அதுல வந்துதுங்க காலிஃபிளவர் சோறு. காலிஃபிளவரைத் துருவி, கடுகு உளுந்து தாளிச்சு, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, கொத்தமல்லி தூவி. நாலு நாள் நாக்கைக் கட்டிப் போட்டவனுக்கே அது தேவாமிர்தம், நான் பன்னண்டு நாள் கட்டிப் போட்டவன். கூட ஒரு முட்டை அடை. ஒரு நாள் சூப்பு, நல்லா கெட்டியா. போன் போட்டு, “ராஜி, என்ன கைப்பக்குவம்! சோறாட்டமே இருக்குது போ!”ன்னேன். அவ சிரிப்பான்னு பாத்தா சிரிக்கலை. “நல்லா சாப்பிடுங்கண்ணா, பஸ், அது போதும்”னு வெச்சுட்டா. கூச்சப்படறான்னு நெனச்சுக்கிட்டேன்.

அக்கா தெனமும் எட்டு மணிக்குக் கூப்பிடுவா. “சாப்ட்டியா கண்ணு? ராஜி அனுப்புனதைப் பூராவும் சாப்ட்டியா? மிச்சம் வெக்காதே.” அவளுக்கு உப்பில்லாத கஞ்சி, வயித்துல நீரு, ராவெல்லாம் தூக்கமில்லை. அந்த நெலமைல என்ற சோத்தைக் கேக்கறா பாருன்னு எனக்குக் கண்ணு கலங்கிரும். ஸ்கேன் எப்போ, கொழுப்பு கொறைஞ்சுதான்னு மட்டும் ஒரு நாளும் கேக்க மாட்டா. பயந்துக்கறான்னு வுட்டுட்டேன்.

எடை மெஷின் எறங்கலை. எண்பதரை, எண்பதரை, எண்பத்தி ஒண்ணு. மெஷின் கெட்டுப் போச்சுன்னு ஹோட்டல் மேனேஜர்கிட்டச் சண்டைக்குப் போனேன். அந்தாளு என்ற கண்ணு முன்னால ஏறி நின்னு, அறுபத்தேழு, சரியாத்தான் காட்டுதுன்னு சிரிச்சாரு. டப்பா வர ஆரம்பிச்ச ரெண்டாவது வாரக் கடைசில எண்பத்தி ரெண்டு. மதியச் சாப்பாட்டை நிறுத்தினேன். மழையில பாணேர் ரோட்டுல நாலு கிலோமீட்டர் நடந்தேன். தலை சுத்தி ஒரு மருந்துக் கடைப் படில உக்காந்தேன். அப்பவும் எண்பத்தி ரெண்டு. கண்ணாடி முன்னால நின்னு என்னை நானே அசிங்க அசிங்கமாத் திட்டுனேன். அவளுக்குக் குடுக்கறதுக்கு மனசில்லாமத்தான் உடம்பு இப்பிடிப் பண்ணுதோன்னு கூட ஒரு நெனப்பு வந்துது. அந்த நெனப்பு வந்த நாளை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஞாயித்துக்கெழமை வயிறு சரியில்லைன்னு சோத்துல பாதியை வெச்சுட்டேன். எங்க ஊட்ல ஒரு பழக்கம், தின்ன ஏனத்தைக் காய விடக்கூடாது. தண்ணி ஊத்தி ஊறப் போடணும், அப்பத்தான் தேய்க்கறவங்களுக்குச் சுலபம். டப்பாவுல தண்ணி ஊத்தி, மூடி வெச்சுட்டுத் தூங்கிட்டேன். திங்கக்கெழமை விடியறதுக்குள்ள சாகணுக்கு வண்டி வந்துருச்சு, டப்பா அப்படியே கெடந்துது. அட்டை தொங்கறதால ரூம் பையன்களும் உள்ள வரலை. பொழுதோட திரும்பி வந்து, கழுவலாம்னு மூடியைத் தொறந்தேன்.

நீராகார வாசம்.

அதை எனக்குத் தெரியாதா? சித்திரை வெயில்ல பழைய சோத்துப் பானையைத் தொறந்தா வருமே, லேசாப் புளிச்சு, மூக்குல ஏறி, நாக்குல தண்ணி ஊற வெக்குமே, அதே வாசம். காலிஃபிளவர் ஊறினா நாறும். எந்தக் காலத்துலயும் நீராகாரம் ஆகாது. பாத்ரூம் வெளிச்சத்துல டப்பாவைச் சாய்ச்சுப் பாத்தேன். மேல காலிஃபிளவர் துருவல் மிதக்குது. அடியில, வெள்ளை வெளேர்னு, ஊறி உப்பிப் போய், அரிசி நொய். வெரல்ல எடுத்து நசுக்கினேன். சோறு. சந்தேகமே இல்லை, சோறு.

இதுல கேவலம் என்னன்னா, எனக்கு வாயில எச்சி ஊறுது. ரெண்டு சின்ன வெங்காயம் இருந்தா அப்படியே குடிச்சிருப்பேன். பசியும் கோவமும் ஒண்ணா வந்தா மனுசன் என்ன ஆவான்னு அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். டப்பாவை மூடி, பைல போட்டு, ஆட்டோ புடிச்சு, “கட்கி, ஜல்தி”ன்னேன்.

ஆட்டோல போகப் போக ஒரே யோசனைதான். ராஜிக்கு இவ்வளவு துணிச்சல் இல்லை. யாரோ சொல்லித்தான் பண்ணியிருக்கா. யாரு சொல்லுவா? வைஷுதான். என்ற பொண்டாட்டி. டாக்டர் வயித்துல எங்க கிழிப்பாங்கன்னு வெரல்ல கோடு போட்டுக் காட்டுன அன்னிக்கு, ஊட்டுக்கு வந்து பாப்பாவைக் கட்டிப் புடிச்சு அழுதவ அவ. “உங்களுக்கு ஒண்ணு ஆனா நானும் இவளும் எங்க போறது?”ன்னு கேட்டவ. போனைப் போட்டேன். எடுத்ததும், “ஏன்டி, எங்கக்கா சாகட்டும்னு நெனச்சியா?”ன்னேன். மழைச் சத்தத்துல ஆட்டோக்காரரு திரும்பிப் பாக்கற அளவுக்குக் கத்துனேன். சோத்தைக் கலந்தியா, ஒளிச்சு வெச்சியா, இன்னும் என்னென்னவோ. வாயில வரக் கூடாத வார்த்தையும் ஒண்ணு வந்துருச்சு.

அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, “பேசி முடிச்சுட்டீங்ளா மாமா?”ன்னா. “எனக்கு வேண்டாம்னு இருந்தா உங்க கையைப் புடிச்சு, வேண்டாம்னு நேரா சொல்லி நிறுத்தியிருப்பேன். சொன்னேன், நீங்க கேக்கலை, சரின்னு அன்னிக்கே வுட்டுட்டேன். டப்பாவுல ஒளிச்சு வெக்கற புத்தி எனக்கு இல்லைங்க.” வெச்சுட்டா. எனக்கு யாரோ பொடனில அடிச்ச மாதிரி இருந்துது. ஆனா கோவம் எறங்கலை. எங்க போறதுன்னு தெரியாம எனக்குள்ளயே சுத்துச்சு.

கட்கில ராஜி வீடு பஜாருக்குப் பின்னால, ரெண்டாவது மாடி. கதவைத் தொறந்தவ, “அரே, அண்ணா! சொல்லாம வந்துட்டீங்க?”ன்னா. பின்னால சமையக்கட்டுல முறத்துல காலிஃபிளவர், பக்கத்துலயே ஒரு டம்ளர் நொய்யி. நாளைக்கான ஏற்பாடு. நான் டப்பாவை மேஜை மேல நங்குன்னு வெச்சு மூடியைத் தொறந்தேன்.

“மோந்து பாரு.”

மோந்து பாத்தா. மொகம் செத்துப் போச்சு. பொய் சொல்லுவான்னு நெனச்சேன், ரெண்டு அறை விடலாம்னு கூட இருந்தேன். அவ சுவத்தோட சாஞ்சு அழ ஆரம்பிச்சுட்டா.

“யாரு சொல்லிப் பண்ணுனே?”

“அண்ணா, மத்லப்… தப்பா பண்ணணும்னு இல்லை…”

“யாரு சொன்னா ராஜி?”

“மல்லிகாக்காதான்.”

எனக்குப் புரியலை. மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே பேரு. “டெய்லி காலைல போன் பண்ணுவாங்க. ஒரு டம்ளர் காலிஃபிளவருக்கு அரை டம்ளர் நொய்யின்னு முதல்ல சொன்னாங்க. அப்பறம் சரிக்குச் சரி போடுன்னாங்க. முட்டை அடைல மரவள்ளி மாவு. சூப்புல சோள மாவு. நான் வேண்டாம்க்கா, பாவம்னு சொன்னேன். சாகப் போறவ கேக்கறேன், செய்ய மாட்டியான்னு அழுதாங்கண்ணா. நான் என்ன பண்ணுவேன்?”

அவ போனை நானே எடுத்து அக்காவுக்குப் போட்டேன், ஸ்பீக்கர்ல.

“சொல்லு ராஜி. தம்பி சாப்ட்டானா?”

“சாப்ட்டேன்க்கா. ரெண்டு வாரமா நீ போட்ட சோத்தைத்தான் சாப்ட்டேன்.”

அந்தப் பக்கம் டிவி ஓடற சத்தம் கேட்டுது. அப்பறம் டிவி நின்னுது.

“ராஜி சொல்லிட்டாளா?”

“அவ சொல்லலை. சோறு சொல்லுச்சு.”

“அவளைத் திட்டாதே கண்ணு. நாந்தான் சொன்னேன்.”

“ஏன்? ஏன்க்கா? நான் இங்க பைத்தியக்காரனாட்டம் கெட்டில்ல முட்டை வேக வெச்சுத் திங்கறேன். மழையில நடக்கறேன். தலை சுத்தி ரோட்டுல உக்காந்திருக்கேன். நீ அங்க உக்காந்துட்டு அளவு சொல்றியா? அரை டம்ளரு, ஒரு டம்ளருன்னு?”

“உனக்கு நாப்பது வயசு. பாப்பாவுக்கு நாலு வயசு”ன்னா. மூச்சு வாங்கிட்டுத்தான் பேசினா. “உன்னை அறுத்துப் போட்டு நான் பொழைச்சு எந்த ராஜ்ஜியத்தை ஆளப் போறேன்? வேண்டாம்னு நேராச் சொன்னா நீ கேக்க மாட்டே. சின்னதுல இருந்தே கேக்க மாட்டே. அதான், டாக்டரே வேண்டாம்னு சொல்லிட்டா முடிஞ்சுது பாரு. ஒறம்பரை சனத்துல ஒருத்தரும் உன்னை ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. தம்பி குடுக்கறேன்னுதான் நின்னான், ஆஸ்பத்திரில ஆகாதுன்னுட்டாங்கன்னு போயிரும். உனக்கும் மனசு உறுத்தாது.”

உறுத்தாதாம்! அந்த வார்த்தைலதான் எனக்கு மூளை கலங்கிருச்சு. சமையக்கட்டு மேஜையை ஓங்கிக் குத்துனேன். நொய் டம்ளர் உருண்டு கீழ கொட்டுச்சு.

“உறுத்தாதா? உன்னைக் கொண்டு போய் எரிச்சுட்டு வந்து நான் என்னன்னு நெனச்சுக்குவேன் தெரியுமா? நாலு கிலோ கொறைக்க வக்கில்லாத நாயி, வாயைக் கட்ட முடியாம அக்காளைச் சாவடிச்சவன்னு நெனச்சுக்குவேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. ஒவ்வொரு வாய் சோத்துக்கும் நெனச்சுக்குவேன், சாகற வரைக்கும். நீ நொய்யைக் கலந்ததும் எனக்குத் தெரிஞ்சிருக்காது, எல்லாம் என்ற தப்புன்னே இருந்திருப்பேன். இதைத்தான் நீ எனக்கு வெச்சுட்டுப் போகலாம்னு இருந்தியா?”

ராஜி குனிஞ்சு கொட்டுன நொய்யை அள்ள ஆரம்பிச்சா.

“பொங்கலுக்குப் பொங்கல் நான் சீர் கொண்டாந்தா வாங்குவே. உன்ற மகனுக்கு நாந்தான் மடில வெச்சு மொட்டையடிச்சேன், அதுக்கு ஒத்துக்கிட்டே. இதுக்கு மட்டும் நான் ஆகாமப் போயிட்டேனா?”

“நான் அப்படி நெனக்கலை கண்ணு…”

“நீ ஒண்ணும் நெனக்கவே இல்லை. உன்னைப் பத்தி மட்டுந்தான் நெனச்சே. கை சுத்தமாப் போயிடலாம்னு பாத்தே.”

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனா சொன்னேன், அது நெசமும்தான். போனை ராஜி கைல குடுத்துட்டு, “இனிமே எனக்கு டப்பா வந்துது, நான் ரிசப்ஷன்லயே வீசிருவேன்”னு சொல்லிட்டு மாடி எறங்கிட்டேன். கீழ வந்தப்பறம்தான் வாயில உப்புக் கரிச்சுது. அழுதிருக்கேன்.

அன்னிக்கே வைஷுவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவ பத்து நிமிசம் என்னைப் பேச வுட்டா. அப்பறம், “சரி, சரி. கெட்டில் அணைஞ்ச சத்தம் கேட்டுது, போய் முட்டையைப் பாருங்க”ன்னா. அந்தப் பொம்பளைக்கு நான் லாயக்கில்லை.

பழையபடி முட்டை. பதினாறாம் தேதிக்கு இன்னும் பதினஞ்சு நாள், நாலு கிலோ. எட்டு மணிக்கு போன் வரலை. மறுநாளும் வரலை. எனக்கும் வீம்பு, நானும் போடலை. மூணாவது நாள் இன்னொரு கூத்து. காத்தால அவசரத்துல ஓட்டுப் பொட்டலத்தை ரூம்லயே வுட்டுட்டுப் போயிட்டேன், அட்டையும் தொங்கவுட மறந்துட்டேன். திரும்பி வந்தா என்ற ரூம் வாசல்ல ஹோட்டல் மேனேஜர் நிக்கறாரு. ஒரு கைல கெட்டில், இன்னொரு கைல மிச்சம் இருந்த ஆறு முட்டை, மூக்கைச் சுளிச்சுட்டு. இது சுத்த சைவ ஹோட்டல், இன்னொரு தடவை நடந்தா ரூமைக் காலி பண்ணணும்னாரு.

பாவம் அந்த மனுசன். அக்காகிட்ட, முரளிகிட்ட, டாக்டர்கிட்ட, கடவுள்கிட்டச் சொல்லாம வெச்சிருந்த அத்தனையையும் அவரு மேல கொட்டுனேன். எனக்கு இந்தி பாதிதான் வரும், மீதியைத் தமிழ்லயே திட்டுனேன். உன்ற ஜவ்வரிசியை நீயே தின்னு, உருளைக்கெழங்கைத் தலையில கொட்டிக்கோ, எங்கக்கா செத்தா உன்ற பச்சை போர்டைக் கொண்டாந்து அவ தலைமாட்டுல வெய்யின்னு. பக்கத்து ரூம்ல இருந்தவங்க கதவைத் தொறந்து பாத்தாங்க. அவருக்கு ஒண்ணும் புரியலை. கெட்டிலையும் குடுக்கலை. ரெண்டு நாள் வெள்ளரிக்காயும் பன்னீருமா ஓட்டுனேன். அதையும் வைஷுகிட்டத்தான் பொலம்புனேன்.

அஞ்சாவது நாள் பொழுதோட ரிசப்ஷன்ல அதே மேனேஜர் நிக்கறாரு. “சார், ஆப்கா டப்பா”ன்னு எடுத்து நீட்டறாரு. மூணடுக்கு. ராஜியோட டப்பா. எனக்கு உச்சந்தலைக்கு ஏறுச்சு. சொல்லியும் அனுப்பியிருக்கா பாரு, இவளுகளுக்கு எத்தனை திமிரு. வீசலாம்னுதான் கையை ஓங்கினேன். டப்பா கனமா இருந்துது, உள்ள என்னமோ உருண்டுது. சோறு உருளாது. தூக்கிட்டு மேல போனேன்.

கதவைத் தாழ் போட்டு, கட்டில் மேல வெச்சுத் தொறந்தேன். மேல் அடுக்குல நாலு அவிச்ச முட்டை, ஓடு உரிச்சு, மேல ஒரு கீறல் இல்லாம. ரெண்டாவது அடுக்குல நாலு. கீழ உப்பும் மிளகுத்தூளும் ஒரு காயிதத்துல மடிச்சு, கூட ரெண்டு வெள்ளரிக்கா. வேற ஒண்ணும் இல்லை. என்ற புத்தியைச் சொல்லணுமே, ஒரு முட்டையை ரெண்டாப் பொளந்து உள்ள நொய் கிய் வெச்சிருக்காளான்னு பாத்தேன். மஞ்சக்கருதான் இருந்துது.

ராஜிக்குப் போன் போட்டேன். “எதுக்கு அனுப்புனே?”

“வைஷு அண்ணி சொன்னாங்களாம், கெட்டிலைப் புடுங்கிட்டாங்கன்னு. அக்கா இன்னிக்குக் காலைல போன் பண்ணாங்க. எட்டு முட்டை, வேற எதுவும் வெக்காதே, எண்ணி எட்டுன்னாங்க. உரிச்சு அனுப்பு, ஓடு இருந்தா அந்த ஹோட்டல்காரன் கண்டுபுடிச்சுருவான்னும் சொன்னாங்க.” அப்பறம், “ஏக்தம் முட்டை மட்டும்தான் அண்ணா. சத்தியமா”ன்னா.

அஞ்சு முட்டை உள்ள போயிருச்சு, எட்டு மணிக்குப் போன் வந்துது. எடுத்தேன். அவ மூச்சு வாங்கறது மட்டும் கேட்டுது.

“சாப்ட்டியா?”

“ம்.”

“எட்டுமா?”

“அஞ்சு.”

“மிச்சம் மூணையும் சாப்பிடு. நாளைக்கும் வரும்.” தண்ணி குடிச்சா. டம்ளரைக் கீழ வெச்சா. “கண்ணு, ஸ்கேன் என்னிக்கு?”

இத்தனை நாள்ல ஒரு தடவை கேட்டதில்லை அவ. மனசு எளகுனதைக் காட்டிக்காம இருக்க, கொஞ்சம் எரிஞ்சு விழற மாதிரியே பேசினேன்.

“பதினாறாந்தேதி. காத்தால ஏழு மணி. வெறும் வயித்துல போகணும்.”

“அப்ப நானும் கூட வர்றேன். ஆபரேசனுக்கு என்னமோ கையெழுத்துப் போடணும்னு அன்னிக்கு ஒரு காயிதம் நீட்டுனாங்க. நான் அப்பறம் பாக்கலாம்னு மடிச்சு வெச்சுட்டு வந்துட்டேன். அதையும் எடுத்துட்டு வந்தர்றேன்.”

“வா. டப்பா கிப்பா எதையும் தூக்கிட்டு வராதே.”

“வர மாட்டேன் சாமி.”

கோவம் போயிருச்சான்னு கேட்டீங்கன்னா, போகலை. அவ நல்லா எந்திரிச்சு நடந்து, வாய்க்கு வாய் பேசற அளவுக்கு ஆகட்டும், அன்னிக்கு இன்னொரு தடவை நல்லாச் சண்டை போடணும்னு வெச்சிருக்கேன். போனை வெச்சுட்டு, மிச்சம் மூணு முட்டையையும் மிளகுத்தூள் தொட்டுச் சாப்பிட்டேன்.